வலது கீழ் மூலை

கல்லுக்கட்டியில் கரண்ட் வந்தபோது பதினொன்றே கால்.
அதுவரை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்,
அடகுக்கடை ரசீதுப் புத்தகத்தால் அவர்,
மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மூடியால் நான்.

நேற்று ராத்திரி பூராவும் குளோன் ஓடியது.
நானூற்று அறுபத்தைந்து ஜிபி.
வட்டிக் கணக்கு, ஏலத்துக்குப் போன நகைகளின் பட்டியல்,
பினாங்கில் நடந்த கல்யாணத்தின் எழுநூறு போட்டோ,
நியூ ஃபோல்டர், அதற்குள் இன்னொரு நியூ ஃபோல்டர்,
அழித்துவிட்டு அள்ளாமல் விட்ட குப்பைகூட
ஒன்று குறையாமல் வந்து சேர்ந்துவிட்டது
புதுப் பெட்டிக்கு.

ஆனால் வலது கீழ் மூலையில்
ஆவி படிந்த கண்ணாடியில் யாரோ விரலால் எழுதியது போல
வெளிறிப்போய் ஒரு வரி:
விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்.

"எல்லாம் அதேதானே?" என்றார் லெ. வடுகநாதன்.
அதேதான்.
"அப்புறம் என்ன கேக்குது?"

பலகையைக் கேட்கிறது.
பழைய பெட்டி வாங்கிய அன்றே
அந்தப் பலகையோடு முடிச்சுப் போட்ட உரிமம்.
ஞாபகம் முழுசும் வந்தாயிற்று, முடிச்சு மட்டும் வரவில்லை.
பன்னிரண்டு வருஷமாக இதற்கு நான் வைத்திருக்கும் உதாரணம்
பூட்டும் சாவியும்.
ஆரம்பித்தேன்.
கையைக் காட்டி நிறுத்தினார்.

"கோனாபட்டுல பிறந்தேன். பழ. வடுகநாதன்.
ஒம்பது வயசுல பிள்ளை கூட்டிக்கிட்டு வந்தாங்க இங்க.
பதினாறாம் வாய்ப்பாடு அப்படியே கூட வந்துச்சு,
பதினாறேழு தப்பாச் சொல்றதும் அப்படியே வந்துச்சு.
இனிஷியல் மட்டும் லெ.
பள்ளிக்கூடத்துல பேர் கூப்பிடுவாங்க.
ரெண்டு மாசம் உள்ளேன் ஐயா வரலை எனக்கு.
வாத்தியார் ஆப்சென்ட் போடுவார்.
நான் முதல் பெஞ்சுலதான் இருப்பேன்."

ஃபேன் சுற்றியது. ரசீதுகள் படபடத்தன.
எனக்குப் பூட்டும் சாவியும் மறந்துபோனது.

போன் போட்டுப் பார்க்கலாம் என்றேன்.
ஒன்பது கூட்டம் எண், கூட்டத்துக்கு ஏழு.
நான் வாசிக்க வாசிக்க அவர் அமுக்கினார்,
வராகனெடை கூட்டுகிற வேகத்தில், நிமிராமல்.
ஐந்தாவது கூட்டத்தில் ஒரு மூன்று எட்டாகிவிட்டது.
முதலிலிருந்து.
மறுபடி ஒன்பதும் முடிந்ததும்
ஓர் இயந்திரக் குரல், ஒரு பாட்டு, அப்புறம் ஒரு பெண் குரல்:
இந்த விண்டோஸ் எத்தனை கணினியில் இருக்கிறது, சார்?

ஒன்று என்று சொல்லவேண்டும்.
எல்லோரும் ஒன்று என்றுதான் சொல்வார்கள்.
நான் ஒரு விரலை உயர்த்திக் காட்டினேன்.
அவர் பார்த்தது என் விரலை அல்ல,
மேசைக்கு அந்தப் பக்கம்
அதே கணக்கு, அதே கல்யாணம், அதே குப்பையோடு
பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருந்த பழைய பெட்டியை.

"ரெண்டும்மா" என்றார்.
"பழசும் உசுரோடதான் இருக்கு."

மன்னிக்கவும் சார், என்றது குரல்.
புது உரிமம்தான் வாங்க வேண்டும்.

வாங்கினோம். இருபத்தைந்து எழுத்து.
அடித்தேன். என்டர்.
அந்த வரி போன இடத்தைக்
கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார்,
தங்கத்தை உரைத்துப் பார்ப்பவர்.

"பழசை ஃபார்மட் பண்ணிடவா?"

பதில் சொல்லாமல் கல்லாவைத் திறந்தார்.
நோட்டுகளை இரண்டு தடவை எண்ணினார்,
சொன்னதில் ஐம்பது குறைத்துக் கொடுத்தார்,
பழைய பெட்டியின் மேல்
ரசீதுப் புத்தகத்தை வைத்தார்.